காதைத் திருகும் வகுப்பு

அமெரிக்கக் கல்லூரிகளில் மொழிசார் மானிடவியலை, அதாவது பேச்சின் வழியாக மனிதர்களைப் படிக்கும் பாடத்தை, ஆசைப்பட்டு எடுக்கிறவர்கள் குறைவு. நர்சிங் படித்தாலும் கம்ப்யூட்டர் படித்தாலும், தன் துறைக்கு வெளியே சில பொதுப் பாடங்களை முடித்தால்தான் பட்டம் என்பது அங்குள்ள பெரும்பாலான கல்லூரிகளின் விதி. அந்தப் பட்டியலில் இதுவும் ஒன்று. கணக்கு கிடையாது, லேப் கிடையாது, நேரமும் தோதாக இருக்கிறது; சேர்ந்துவிடுகிறார்கள். கூட்டத்தில் நாலைந்து பேர் 2016 இல் வந்த 'அரைவல்' படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள். வேற்றுக்கிரகவாசிகளின் எழுத்தைப் படிக்க முயலும் மொழியியல் பேராசிரியைதான் அந்தப் படத்தின் கதாநாயகி. இன்னும் சிலர் ஏதோ ஒரு புது மொழி கற்றுத் தரப்போகிறார்கள் என்று நம்பி வந்திருப்பார்கள். முதல் நாள் ஆசிரியரைப் பார்த்து எழும் கேள்வி அநேகமாக "உங்களுக்கு எத்தனை மொழி தெரியும்?" என்பதாகத்தான் இருக்கும். அந்தத் துறைக்காரர்களுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கேள்வி.

செமஸ்டர் முடியும்போது அதே மாணவர்களின் புலம்பல் வேறு மாதிரி இருக்கும். நிம்மதியாகப் படம் பார்க்க முடியவில்லை, யார் யாரை இடைமறித்துப் பேசுகிறார்கள் என்றே கவனம் போகிறது என்பார் ஒருவர். போனில் அப்பா பேசுவதைக் கேட்டால் அவர் மேலதிகாரியிடம் பேசுகிறாரா, அண்ணனிடம் பேசுகிறாரா என்று குரலிலேயே தெரிந்துவிடுகிறது என்பார் இன்னொருவர். வாயைப் பற்றிய பாடம் என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். திருகப்படுவது என்னவோ காது.

இந்தப் பாடம் அங்கே மானிடவியல் துறைக்குள் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் ஃபிரான்ஸ் போவாஸ். ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தவர். மனித உடல், தொல்லியல், பண்பாடு, மொழி நான்கையும் ஒரே துறைக்குள் வைத்துப் படிக்கும் அமெரிக்க மரபு அவர் வழியாக வேரூன்றியது. 1911 இல் அவர் பதிப்பில் வெளிவந்த அமெரிக்க இந்திய மொழிகளின் கையேடு, அந்த மொழிகளை இலத்தீன் இலக்கணத்தின் சட்டைக்குள் திணிக்காமல் அவற்றின் போக்கிலேயே விவரிக்க முயன்றது. இன்றைய மாணவர்களுக்கு இதெல்லாம் மிட்டெர்ம் தேர்வில் இரண்டு மார்க் கேள்வி. கடந்து போய்விடுவார்கள்.

முதல் அடி விழுவது ஒலிகளைப் பற்றிய வாரத்தில். ஒரு தாளை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்ளச் சொல்வார் ஆசிரியர். ஆங்கிலத்தில் 'பின்' என்று சொன்னால் தாள் ஆடும். 'ஸ்பின்' என்று சொன்னால் அதே தாள் சும்மா நிற்கும். வகுப்பில் கசகசவென்று பேச்சு எழும்; மறுபடி மறுபடி சொல்லிப் பார்ப்பார்கள். இரண்டிலும் ஒரே ஒலிதான் என்று இருபது வருடமாக நம்பி வந்தவர்கள். தங்கள் வாயே தினமும் இரண்டு விதமாக உச்சரித்துக்கொண்டிருப்பதும், தங்கள் காது அதைக் கண்டுகொள்ளாமல் விட்டதும் அப்போதுதான் தெரிகிறது. இந்தி பேசுகிறவருக்கு இது செய்தியே இல்லை. மூச்சோடு சொல்லும் 'ப'வும் மூச்சில்லாத 'ப'வும் அவருக்கு வெவ்வேறு எழுத்து. மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும்.

வகுப்பில் தமிழ் வீட்டுப் பிள்ளை இருந்தால் அவருக்கும் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. 'பம்பரம்' என்று சொல்லிப் பார்க்கட்டும். முதல் 'ப' ஒன்று, நடுவில் வரும் 'ப' வேறொன்று. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் இரண்டு எழுத்து வேண்டும். தமிழில் எது எங்கே வரும் என்பதை இடமே தீர்மானித்துவிடுகிறது என்பதால் ஒரே எழுத்து வேலையை முடித்துவிடுகிறது. தமிழில் நாலு 'க' இல்லையே என்று அங்கலாய்ப்பவர்களுக்கு இந்த ஒரு வாரப் பாடத்தை மட்டுமாவது நடத்திக் காட்ட வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

அடுத்து வருவது பயிற்சி ஏடு. கேள்விப்பட்டே இராத ஒரு மொழியிலிருந்து இருபது சொற்கள் கொடுத்திருப்பார்கள். இந்த ஒலி எந்த இடத்தில் வருகிறது, அந்த ஒலி எந்த இடத்தில் வருகிறது, இரண்டும் பொருளை வேறுபடுத்தாத ஒரே ஒலியனா, வெவ்வேறா? சுடோகு போடுகிற மாதிரிதான். பொறியியல் மாணவர்கள் திடீரென்று நிமிர்ந்து உட்கார்வார்கள். கவிதை எழுத வந்த இலக்கிய மாணவர்கள், உலக ஒலிகளையெல்லாம் கட்டம் போட்டு அடைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்துக் கலங்கிப்போவார்கள். பாடத்தைக் கைவிடுகிற எண்ணம் பலருக்கு வருவது இந்த இடத்தில்தான்.

பிழைத்துக் கிடந்தவர்களுக்குப் பரிசு, பெஞ்சமின் லீ வோர்ஃப். 'அரைவல்' ரசிகர்கள் காத்திருந்த ஆள். நாம் பேசும் மொழி நம் சிந்தனையை வடிவமைக்கிறது என்ற கருத்தோடு பேர் ஒட்டிப்போன இந்த மனிதர் பிழைப்புக்குப் பார்த்தது தீ விபத்து இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆய்வாளர் வேலை. பெட்ரோல் பீப்பாய் 'காலி' என்று எழுதியிருந்தால் அதன் பக்கத்தில் ஆட்கள் அலட்சியமாகச் சிகரெட் பிடிக்கிறார்கள். உள்ளே ஆவி நிரம்பியிருப்பதால் முழுப் பீப்பாயைவிட அதுதான் ஆபத்தானது. இந்த மாதிரிக் கோப்புகளிலிருந்து அவர் கோட்பாடு வளர்ந்தது. மாணவர்கள் கொண்டாடுவார்கள். உடனே ஆசிரியர், எஸ்கிமோக்களுக்குப் பனியைக் குறிக்க நூறு சொல் உண்டு என்ற கதையை எடுத்துப் பிரித்துப் போடுவார். போவாஸ் 1911 இல் எடுத்துக்காட்டுக்காகச் சொன்னது நான்கே நான்கு வேர்ச்சொற்கள். பத்திரிகைகளிலும் பாடநூல்களிலும் ஊதிப் பெருத்து அது நூறானது. 1986 இல் லாரா மார்ட்டின் என்ற மானிடவியலாளர் இந்த வதந்தியின் வம்சாவளியைத் தேடிப்பிடித்து எழுதினார். ஒரே வகுப்பில் ஒரு நம்பிக்கை பிறந்து செத்துப்போவதை மாணவர்கள் பார்க்கிறார்கள். நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த நூறு சொல் இன்னும் ஆரோக்கியமாக நடமாடுகிறது.

*பத்து நிமிடப் பேச்சு*

கேட்டால் எல்லா மாணவர்களும் ஒரே குரலில் திட்டுகிற வீட்டுப்பாடம் ஒன்று உண்டு. பலர் கடைசிவரை மறக்காததும் அதுதான். வீட்டிலோ விடுதியிலோ இயல்பாக நடக்கும் ஒரு பேச்சைப் பதிவு செய்து, சில நிமிடங்களை அப்படியே எழுத்தில் கொண்டுவர வேண்டும். இருமல், இழுவை, மௌனம், ஒருவர் மேல் ஒருவர் பேசியது எல்லாம் சேர்த்து.

முதல் சிக்கல் சம்மதம். பேசுகிற ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் அந்தரங்க உரையாடலை எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் பதிவு செய்வது சட்டப்படியே குற்றம். சம்மதம் கேட்டாலோ, அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த குடும்பம் வானொலி அறிவிப்பாளர்கள் போலப் பேச ஆரம்பித்துவிடும். கவனிக்கப்படாதபோது எப்படிப் பேசுகிறார்கள் என்று அறிய வேண்டும், அதற்குக் கவனித்தாக வேண்டும் என்ற இந்த இக்கட்டை மொழியியலாளர் வில்லியம் லபோவ் முரண் என்றே பெயரிட்டு எழுதியிருக்கிறார். அனுபவசாலி மாணவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, போனை மேசையில் வைத்துவிட்டு முதல் இருபது நிமிடத்தைத் தூக்கிப் போடுவது.

நியூஜெர்சியில் ஒரு தமிழ் வீட்டுப் பையன் இந்த அசைன்மென்டைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். மாலையில் கல்லூரியிலிருந்து வீட்டுக்குள் நுழைகிறான். அவன் எழுதிக் கொடுக்கும் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பது மௌனம், விநாடிக் கணக்கில். சதுர அடைப்பு, ஒருவர் முடிக்கும் முன் இன்னொருவர் தொடங்கிய இடம்.

அம்மா: சாப்டியா?
(1.2)
மகன்: ம்.
அம்மா: என்ன ம்மு, வந்ததும் [வராததுமா போன
பாட்டி: [அவன விடேன்டி.
மகன்: ஐம் குட், பாட்டி.
(0.6)
அம்மா: ஃப்ரிட்ஜ்ல தயிர் இருக்கு.

ஏழெட்டு விநாடிப் பேச்சு. எழுத அரை மணி நேரம் ஆகும், அதுவும் பழகிய பிறகு. காது முதல் தடவையில் மௌனத்தைக் கேட்பதே இல்லை. 'ம்' என்பதைப் பதில் என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறது. பத்தாவது தடவை ஓட்டிக் கேட்கும்போதுதான் அந்த 1.2 விநாடி பூதாகரமாகத் தெரிகிறது. அம்மா கோபப்பட்டது 'ம்'முக்காகவா, அதற்கு முந்தைய மௌனத்துக்காகவா? பாட்டி குறுக்கே விழுந்தது எந்த எழுத்தில்? பேரன் பாட்டியிடம் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறானே, அது உண்மையில் யார் காதுக்கு? கடைசி வரியில் தயிர் இருப்பது தகவலா, சமாதான உடன்படிக்கையா?

எப்படி எழுதுவது என்பதே அடுத்த தலைவலி. 'சாப்டியா' என்றா, 'சாப்பிட்டாயா' என்றா? திருத்தி எழுதினால் அம்மா காணாமல் போய்விடுகிறார். அப்படியே எழுதினால், படிக்கிற ஆசிரியர் அம்மாவைப் படிக்காதவர் என்று நினைத்துவிடுவாரோ என்று பையனுக்குக் கூச்சம். பதிவை எழுத்தாக்குவதே ஒரு கோட்பாட்டு முடிவுதான் என்று மானிடவியலாளர் எலினோர் ஓக்ஸ் 1979 இல் ஒரு கட்டுரை எழுதினார். யாருடைய பேச்சை இடப்பக்கம் போடுகிறோம், யாருடையதை வலப்பக்கம் போடுகிறோம் என்பதில்கூட யார் பேச்சை நடத்துகிறார் என்ற நம் முன்முடிவு ஒளிந்திருக்கிறது என்பது அவர் வாதம். வகுப்பில் படிக்கும்போது கொட்டாவி விட்ட மாணவர்கள், தாங்களே எழுதிய தாளைப் பார்த்தபின் அதை இன்னொரு தடவை எடுத்துப் படிக்கிறார்கள்.

ஓக்ஸ், பாம்பி ஷீஃபலின் இருவரும் குழந்தைப் பேச்சைப் பற்றிச் செய்த ஆய்வுகளும் வகுப்பைக் கலகலப்பாக்கும். கைக்குழந்தையோடு கொஞ்சிப் பேசினால்தான் அதற்குப் பேச்சு வரும் என்று அமெரிக்க நடுத்தர வர்க்கம் உறுதியாக நம்புகிறது. பாப்புவா நியூகினியின் கலூலி மக்களிடையே தாய்மார்கள் குழந்தையிடம் அப்படிப் பேசுவதில்லை. குழந்தையை மற்றவர்களைப் பார்க்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு, அதன் குரலில் தாங்களே பேசுகிறார்கள். "எங்கப்பா எனக்கு ஒண்ணுமே வாங்கித் தரலைன்னு சொல்லுடா" என்று பேத்தியையோ பேரனையோ முன்னால் நிறுத்தி மருமகனுக்கு ஊசி போடும் பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது.

*கிரேவி வேணுமா?*

செமஸ்டரின் நடுவில் வரும் ஒரு கதைக்கு வகுப்பே மௌனமாகிவிடும். ஜான் கம்பர்ஸ், பெர்க்லியில் பேராசிரியராக இருந்தவர். வட இந்தியக் கிராமத்திலும் மகாராஷ்டிரத்தின் குப்வாடிலும் மொழிகளை ஆராய்ந்தவர். பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றில் ஊழியர் கேன்டீனில் பரிமாற இந்திய, பாகிஸ்தானியப் பெண்களைப் புதிதாக வேலைக்கு எடுத்திருந்தார்கள். சரக்கு ஏற்றி இறக்கும் ஆட்களும் மேற்பார்வையாளர்களும் இவர்கள் சிடுசிடுப்பானவர்கள், ஒத்துழைக்காதவர்கள் என்று புகார் சொன்னார்கள். இவர்கள் பேசியதோ சொற்பம். கறி வாங்க வருகிறவரிடம் கிரேவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆங்கிலேயப் பெண்மணி அந்த ஒற்றைச் சொல்லைக் குரல் உயர்த்தி முடிப்பார்: 'கிரேவி?' இந்தப் பெண்கள் குரலைத் தாழ்த்தி முடித்தார்கள்: 'கிரேவி.' அவர்கள் ஊர்ப் பழக்கத்தில் அது மரியாதையான கேள்வி. கேட்கிற ஆங்கிலேயர் காதில் அது, 'கிரேவி இதுதான், வேணும்னா எடுத்துக்கோ' என்று விழுந்தது.

கம்பர்ஸ் இரண்டையும் பதிவு செய்து போட்டுக் காட்டினார். பெண்களுக்கு முதலில் வேறுபாடே தெரியவில்லை. விளக்கிய பிறகுதான், இத்தனை நாள் தங்களை ஏன் அப்படி நடத்தினார்கள் என்பது விளங்கியது. 1982 இல் வந்த அவருடைய நூலில் உள்ள இந்த ஒரே ஒரு பக்கத்துக்காகவே இந்தப் பாடத்தை எடுக்கலாம் என்பேன். ஒரு சொல்லின் கடைசி அரை விநாடி, யாருக்கு வேலை நிலைக்கும் என்பதுவரை போகிறது. வகுப்பில் குடியேறிகளின் பிள்ளைகள் இருந்தால் பேச்சு சட்டென்று வீட்டுக்குத் திரும்பும். வங்கியில், ஆஸ்பத்திரி வரவேற்பில், பெற்றோருக்காகப் பத்து வயதிலிருந்து மொழிபெயர்த்து வந்தவர்கள் அவர்கள். அப்பா கவுண்டரில் கோபமாகப் பேசுகிறார் என்று அன்று வெட்கப்பட்டவர்கள், அவர் கோபமாகப் பேசினாரா என்று இப்போது தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள்.

லபோவின் டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஆய்வும் இங்கேதான் வரும். 1962 இல் நியூயார்க்கில் மூன்று கடைகள்: பணக்காரர்களுக்கான சாக்ஸ், நடுத்தர மேசிஸ், மலிவான எஸ். க்ளைன். நாலாவது மாடியில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளைச் சொல்லி எங்கே என்று விற்பனையாளரிடம் கேட்பார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். காதில் விழாததுபோல் இன்னொரு தடவை கேட்பார். இரண்டு சொல்லிலும் 'ர்' ஒலிக்கிறதா என்பதை ஒதுங்கி நின்று குறித்துக்கொள்வார். 264 பேர். கடையின் அந்தஸ்து ஏற ஏற 'ர்'ரும் ஏறியது. மாணவர்கள் இதைத் தங்கள் ஊர் மாலில் செய்து பார்க்கத் துடிப்பார்கள். துணிச்சலான ஆசிரியர்கள் விடுவதும் உண்டு.

டொனால்டு ரூபின் என்ற ஆய்வாளர் 1992 இல் வெளியிட்ட சோதனை மாணவர்களையே கூண்டில் ஏற்றியது. 62 இளங்கலை மாணவர்களுக்கு நாலு நிமிட விரிவுரை ஒன்றின் பதிவைப் போட்டார். பேசியவர் ஒஹாயோவில் வளர்ந்த ஆங்கிலத் தாய்மொழிக்காரர். சிலருக்கு ஒரு வெள்ளையரின் படத்தையும் சிலருக்கு ஓர் ஆசியப் பெண்ணின் படத்தையும் காட்டி, இவர்தான் பேசுகிறார் என்றார்கள். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்கு, இல்லாத அந்நிய உச்சரிப்பு கேட்டது. பாடமும் குறைவாகவே மனதில் நின்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணக்கு, கம்ப்யூட்டர் லேப் வகுப்புகளை நடத்துபவர்களில் பலர் மேற்படிப்புக்கு வந்திருக்கும் வெளிநாட்டு மாணவர்கள். அதில் தமிழ்ப் பிள்ளைகளும் ஏராளம். 'பேசுவது புரியவில்லை' என்ற மதிப்பீட்டுப் படிவத்தை வாங்காதவர் அவர்களில் அபூர்வம். புரியாததில் நாக்கின் பங்கு எவ்வளவு, முகத்தின் பங்கு எவ்வளவு என்று யாரும் அந்தப் படிவத்தில் பிரித்துக் கேட்பதில்லை.

*பேசாதவருக்கு எத்தனை மார்க்?*

பாடத்திட்டத்தில் மௌனத்துக்கும் ஒரு வாரம் உண்டு. அரிசோனாவில் சிபெக்யூ என்ற ஊரில் மேற்கு அப்பாச்சிகளோடு வாழ்ந்த கீத் பாஸோ, அவர்கள் பேச்சைக் கைவிடும் ஆறு சூழல்களை 1970 இல் எழுதினார். அந்நியரைச் சந்திக்கும்போது, காதலிக்கத் தொடங்கும்போது, துயரத்தில் இருப்பவரோடு இருக்கும்போது என்று போகும் அந்தப் பட்டியலில் ஒன்று மாணவர்களைத் தைக்கும். தூரத்துப் பள்ளியில் தங்கிப் படித்த பிள்ளை ஊர் திரும்பினால் பெற்றோர் முதலில் பேசமாட்டார்கள். பிள்ளை மாறிவிட்டதா, தங்களைக் கேவலமாகப் பார்க்கிறதா என்று கொஞ்ச நேரம் கவனிப்பார்கள். நன்றிநவிலல் விடுமுறைக்கு முதல்முறையாக வீட்டுக்குப் போய் வந்த முதலாண்டு மாணவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சூசன் ஃபிலிப்ஸ் ஒரிகனில் வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடிக் குழந்தைகளைப் பற்றி எழுதியது இன்னும் சங்கடமானது. ஆசிரியர் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டால் வாயே திறக்காத குழந்தைகள், குழுவாகச் சேர்ந்து வேலை செய்யச் சொன்னால் நன்றாகப் பேசினார்கள். பெரியவர் ஒருவர் கூட்டத்தின் நடுவே ஒருவரைச் சுட்டிப் பேசவைக்கும் வழக்கமே அவர்கள் ஊரில் இல்லை. பள்ளிக்கூடம் அதை மந்தம் என்று எழுதிவைத்தது. இதைப் படித்து முடித்ததும் எப்போதும் ஒரு மாணவர் கை தூக்குவார்: "அப்படியானால் இந்தப் பாடத்தில் வகுப்பில் பேசுவதற்கு ஏன் பத்து சதவீத மார்க்?" பெரும்பாலான ஆசிரியர்கள் அந்த இடத்தில் சிரித்து மழுப்புவார்கள். சிலர் அடுத்த செமஸ்டரில் எழுதிக் கொடுத்தாலும் மார்க் உண்டு என்று மாற்றிவிடுவார்கள். மழுப்பாமல் இருக்க வழியில்லாத கேள்வி இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மதிப்பெண் பட்டியலே ஒரு பேச்சு மரபுக்குச் சொந்தமானது.

துறை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் வாரம் ஒன்றும் உண்டு. யாஹி மக்களில் கடைசியாக எஞ்சிய மனிதர், இஷி என்று அழைக்கப்பட்டவர், 1911 முதல் 1916 இல் இறக்கும்வரை கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். அவர் சொன்ன கதைகளை மெழுகு உருளைகளில் பதிந்தார்கள். மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1915 கோடையில் அவரோடு உட்கார்ந்து மொழியைக் குறித்தார். இஷி இறந்த பிறகு அவர் மூளையை எடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பியிருந்தார்கள்; 2000 இல்தான் அது உறவுடைய பழங்குடி மக்களிடம் திரும்பியது. இஷியைக் கவனித்துக்கொண்ட மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபரின் பெயரைத் தாங்கியிருந்த பெர்க்லி மானிடவியல் கட்டடத்திலிருந்து 2021 ஜனவரியில் அந்தப் பெயர் நீக்கப்பட்டது. அதுவரை பதிவு செய்வதை நற்காரியம் என்று மட்டுமே நினைத்திருந்த மாணவர்கள், தங்கள் போனில் கிடக்கும் பாட்டியின் குரலைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். அதை யார் கேட்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், பாட்டி அழித்துவிடச் சொன்னால்?

தமிழ் இந்தப் பாடத்துக்கு வெளியாள் இல்லை. சபீரிடம் பயின்ற மர்ரே எமனோ 1935 முதல் 1938 வரை நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைக் குறித்தார். இந்தியா ஒரே மொழிப்பரப்பு என்று அவர் 1956 இல் எழுதிய கட்டுரை இன்றும் பாடம். உலகம் முழுவதும் மரியாதைப் பேச்சைப் பற்றிய வகுப்புகளில் ஓதப்படும் பிரவுன், லெவின்சன் கோட்பாட்டின் மூன்று தூண்களில் ஒன்று தமிழ். மற்ற இரண்டு ஆங்கிலமும் மெக்சிகோவின் செல்தாலும். ஸ்டீபன் லெவின்சன் கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் யார் யாரை 'நீ' என்கிறார், யார் பதிலுக்கு 'நீங்க' என்கிறார் என்பதைச் சாதி வாரியாகக் குறித்துவைத்தவர். பெர்னார்ட் பேட் மதுரைக் கட்சி மேடைகளின் கீழே உட்கார்ந்து, அடுக்குமொழிச் செந்தமிழ் எப்படி நவீன அரசியலின் குரலானது என்று 2009 இல் நூல் எழுதினார்.

மாணவர்கள் விரும்பிப் படிப்பது கான்ஸ்டன்டைன் நகாசிஸ் 2016 இல் எழுதிய நூலை. சென்னை, மதுரைக் கல்லூரி மாணவர்களோடு பழகி, 'ஸ்டைல்' என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று ஆராய்ந்த நூல் அது. கொஞ்சம் ஆங்கிலம் கலந்தால் கெத்து, ஒரு சொட்டு கூடினால் 'பீட்டர் விடுறான்' என்ற கேலி. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள ஒற்றைக் கம்பியில் நடப்பதைப் பற்றிச் சிகாகோவில் ஒரு மாணவி கட்டுரை எழுதி மார்க் வாங்குகிறாள். அந்தக் கம்பியில் தினமும் நடக்கிறவர்களுக்கு இங்கே, தமிழ்நாட்டில், இப்படி ஒரு பாடம் அநேகமாகக் கிடையாது. மானிடவியல் துறை உள்ள கல்லூரியையே தேடிப்பிடிக்க வேண்டும்.

நம்மிடம் ஆர்வம் இல்லாமல் இல்லை. கி.ராஜநாராயணன் எந்தப் பட்டமும் இல்லாமல் கரிசல் வட்டாரத்துக்கு வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். தமிழ்த் துறை மாணவர்கள் தாலாட்டும் ஒப்பாரியும் பழமொழியும் தேடி ஊர் ஊராகப் போகிறார்கள். சேகரித்ததெல்லாம் பெரும்பாலும் சொல்லும் பாட்டும்தான். ரேஷன் கடை வரிசையில், பஞ்சாயத்து அலுவலக வாசலில், பேருந்தில் சில்லறைக்காக நடத்துநரோடு நடக்கும் தகராறில் யார் முதலில் பேசுகிறார், யார் காத்திருக்கிறார், எங்கே குரல் இறங்குகிறது என்று மௌனம் உட்பட எழுதிவைத்த பக்கங்கள் சொற்பம். இளங்கலைத் தமிழ்ப் பாடத்தில் ஒரு செமஸ்டர் புராஜெக்டாக இதை வைப்பதற்குப் புதுத் துறையும் வேண்டாம், நிதியும் வேண்டாம். ஒரு செல்போன், பேசுகிறவர்களின் சம்மதம், ஓட்டி ஓட்டிக் கேட்க நாலைந்து சனிக்கிழமை.